கஞ்சாவும் மூளையும்: 28 நாட்கள் பொறுக்க முடியாதா?



சென்ற மாதம் ஒரு மாலை, திருவண்ணாமலையிலிருந்து கலசப்பாக்கம் வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் இருவர் அமர்ந்திருந்தனர். பேச்சு கஞ்சாவைப் பற்றி. "அது வெறும் செடிடா. சாராயம் மாதிரி கிடையாது. எப்ப வேணும்னாலும் விட்டுடலாம்" என்றான் ஒருவன். "போடா, ஒரு தடவை இழுத்தாலே மூளை செத்துப்போயிடும்னு எங்க ஸ்கூலுக்கு வந்து சொல்லிட்டுப் போனாங்க" என்றான் மற்றவன். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க காலேஜ் சார்தானே? எது சார் சரி?" என்று கேட்டான். "இரண்டுமே தப்பு" என்றேன். அதற்குள் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது. பேருந்தில் சொல்ல முடியாமற்போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். இயற்பியல் சொல்லித் தருபவன். ஆனால் கஞ்சாவை விடும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதை இன்று விஞ்ஞானிகள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அளந்து பார்த்த விஷயத்தைப் பற்றிப் பேச இயற்பியல்காரனுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. அதோடு, இதில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் கருத்து இதுதான். கஞ்சா மூளையை மாற்றுகிறது. அந்த மாற்றம் விட்ட பிறகு பெரும்பாலும் சீராகிறது. சீராவதற்குச் சுமார் நான்கு வாரங்கள் ஆகின்றன. அந்த நான்கு வாரங்களில்தான் நம் பள்ளிகளும் கல்லூரிகளும் மாணவனை வெளியே தள்ளுகின்றன. இது விஞ்ஞானத்துக்குப் பொருந்தாத செயல்.

கஞ்சா நம் பக்கத்துக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். கலசப்பாக்கத்திலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் ஜவ்வாது மலை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் அரசு உரிமத்துடன் கஞ்சா பயிரிட்ட இடங்களுள் ஒன்று. அந்த உரிமங்கள் எல்லாம் பழங்கதை. இன்று மலைக்குப் போகிறவர்கள் சாமையும் தேனும் புளியும் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். ஆகவே மலை மக்களைச் சுட்டி யாரும் விரல் நீட்ட வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. 1893ஆம் ஆண்டு ஆங்கில அரசு, கஞ்சாவினால் இந்தியர்களுக்கு என்ன கேடு என்று கண்டறிய 7 பேர் கொண்ட ஓர் ஆணையத்தை நியமித்தது. அவர்களுள் மூவர் இந்தியர். நாடெங்கும் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் பெரிய அறிக்கை ஒன்றைத் தந்தார்கள்.

அந்த அறிக்கையில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். அக்காலத்தில் "கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும்" என்பதற்குச் சான்றாக மனநோய் மருத்துவமனைகளின் பதிவேடுகளைக் காட்டுவார்கள். ஆணையத்தார் பதிவேட்டோடு நிற்கவில்லை. 1892ஆம் ஆண்டில் 'காரணம்: கஞ்சா முதலியவை' என்று எழுதப்பட்டிருந்த 222 பேரின் வரலாற்றையும் ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தார்கள். காரணம் என்ற கட்டத்தைப் பல இடங்களில் நிரப்பியவர் மருத்துவர் அல்லர், நோயாளியைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர் என்று தெரிந்தது! வேறு காரணம் தெரியாவிட்டால் கஞ்சா என்று எழுதிவிடுவது வழக்கமாகியிருந்தது. விசாரணைக்குப் பின் 222 என்பது 98 ஆகக் குறைந்தது. அதிலும் கஞ்சாவை மட்டுமே காரணமாகச் சொல்லத்தக்கவை 61.

இதில் இரண்டு பாடங்கள் இருப்பதைக் கவனித்தீர்களா? 222 என்பது மிகைப்படுத்தல். ஆனால் 61 என்பது சுழியும் அல்ல. பேருந்தில் பேசிய இரு மாணவர்களும் தவறிய இடம் இதுதான்.

சரி, அந்தச் செடியில் இருப்பது என்ன? அபினியிலிருந்து மார்ஃபினை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள். கொக்கோ இலையிலிருந்து கொக்கைன் 1860இல் கிடைத்துவிட்டது. கஞ்சா மட்டும் பிடிகொடுக்கவில்லை. மற்றவை உப்பாகி அழகாகப் படிகமாகும். இதுவோ பிசுபிசுவென்ற எண்ணெய். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பல பொருள்களின் கலவை. 1960களில் இஸ்ரேல் நாட்டு வேதியியலறிஞர் ரபேல் மெஷூலம் இதைக் கையில் எடுத்தார். ஆராய்ச்சிக்குச் சரக்கு வேண்டுமே! போலீசார் பறிமுதல் செய்து வைத்திருந்த 5 கிலோ கஞ்சாப் பிசினைக் கேட்டு வாங்கி, பையில் போட்டு, சாதாரணப் பேருந்தில் ஏறிவிட்டார். உடன் வந்தவர்கள் இதென்ன வாடை என்று மூக்கைச் சுளித்தார்களாம். சுகாதாரத் துறையின் அனுமதி பெறாமல் கொடுத்தவரும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி என்பது பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்!

அவரும் யெகியேல் கவோனியும் 1964இல் போதை தரும் பொருளைத் தனியே பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டார்கள். 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு அது. நீண்ட பெயரைச் சுருக்கி டி.எச்.சி. என்பார்கள். நீரில் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைப்படும்.

ஒரு செடியின் எண்ணெய் நம் மூளையை ஏன் ஆட்டிவைக்க வேண்டும்? பூட்டு இருந்தால்தானே சாவி திரும்பும்? 1988இல் அமெரிக்காவில் ஆலின் ஹௌலெட்டும் அவருடைய குழுவினரும் அந்தப் பூட்டைக் கண்டார்கள். நரம்பணுக்களின் மேற்பரப்பில் டி.எச்.சி. வந்து பொருந்தும் ஏற்பிகள் இருந்தன. இன்று அவற்றை சி.பி.1 ஏற்பிகள் என்கிறோம். அப்படியானால், உடலே செய்துகொள்ளும் சாவி ஒன்றும் இருக்க வேண்டும் அல்லவா? 1992இல் மெஷூலத்தின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டிவேன் முதலியோர் பன்றியின் மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆனந்தமைடு'. ஆம், நம் 'ஆனந்தம்' என்ற சொல்தான்! சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தார்கள்.

பெயரைப் பார்த்து, இது மூளைக்குள் ஆனந்தத்தை ஊற்றும் பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. இதன் உண்மையான வேலை நமக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் போன்றது. கிணற்றடியில் மோட்டார் கொட்டகை. அங்கே ஒருவர் நிற்கிறார். வாய்க்கால் வழியே தண்ணீர் நெடுந்தூரம் போய் வயலில் பாய்கிறது. வயல் நிறைந்ததும் மடை திருப்புகிறவர் "போதும், நிறுத்து!" என்று குரல் கொடுக்கிறார். தண்ணீர் கிணற்றிலிருந்து வயலுக்குப் போகிறது. குரலோ வயலிலிருந்து கிணற்றுக்குத் திரும்பி வருகிறது. நரம்பணுக்களிலும் இப்படியே. செய்தி முதல் அணுவிலிருந்து இரண்டாம் அணுவுக்குப் போகும். போதுமான அளவு வந்ததும் இரண்டாம் அணு, ஆனந்தமைடு வகைப் பொருள் ஒன்றைச் சுரந்து முதல் அணுவுக்குத் திருப்பி அனுப்பும். முதல் அணுவில் இருக்கும் சி.பி.1 ஏற்பிகளே அந்தக் குரலைக் கேட்கும் காதுகள். 2001இல் பல ஆய்வுக்கூடங்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இதை நிறுவின. தேவையான இடத்தில், தேவையான நொடியில் மட்டும் எழுந்து அடங்கும் குரல் இது.

இப்போது ஊர் நடுவில் யாரோ ஒலிபெருக்கியை வைத்து, நாள் முழுவதும் "போதும், போதும்" என்று கத்தினால் எப்படியிருக்கும்? எந்த வயல் நிறைந்தது, எது காய்ந்தது என்று எந்த மோட்டார் கொட்டகைக்கும் தெரியாது. கஞ்சாப் புகையில் வரும் டி.எச்.சி. செய்வது அதுதான். நினைவைப் பதியவைக்கும் பகுதி, நேரத்தைக் கணிக்கும் பகுதி, பசி, பயம், உடலசைவு இவற்றை ஆளும் பகுதிகள் அனைத்திலும் ஒரே சமயத்தில் அது கத்துகிறது. கஞ்சா புகைத்தவனுக்கு ஐந்து நிமிடம் அரை மணி போலத் தோன்றுவதும், இப்போது சொன்னது இப்போதே மறப்பதும் இதனால்தான். மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதியில் இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. ஆகவேதான் ஹெராயினைப் போல மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் 'வெறும் செடி' என்கிறார்கள்.

தினமும் ஒலிபெருக்கி கத்தினால் கொட்டகைக்காரர் என்ன செய்வார்? காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார். நரம்பணுவும் அப்படியே. நாள்தோறும் டி.எச்.சி. வந்தால் அது தன் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது, எண்ணிக்கை குறைகிறது. முன்பு ஒரு சிட்டிகையில் வந்த போதை இப்போது வருவதில்லை. அளவைக் கூட்டுகிறான். இதுதான் பழகிப்போதல்.

ஒருநாள் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுகிறோம். எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை! காதில் பஞ்சு இன்னும் இருக்கிறது. வயலிலிருந்து வரும் உண்மையான "போதும்" என்ற குரலும் இப்போது கேட்காது. தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடும். கஞ்சாவை விட்டவனுக்கு வரும் எரிச்சல், கோபம், தூக்கமின்மை, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, வியர்வை, பயங்கரக் கனவுகள் எல்லாம் இந்த உடைப்புத்தான். விலகல் அறிகுறிகள் என்பார்கள். விட்ட ஓரிரு நாளில் தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். இரண்டு மூன்று வாரங்களில் தணியும். கனவும் தூக்கக் குறைவும் மட்டும் சிலருக்குச் சற்று நீளும்.

இப்படியொன்று உண்டு என்பதையே நெடுங்காலம் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் கஞ்சா விலகல் முறையாக இடம்பெற்றது. ஏன் இத்தனை தாமதம்? கொழுப்பில் கரையும் என்று சொன்னேனே, அதுதான் காரணம். குடித்த சாராயம் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும், டி.எச்.சி. உடற்கொழுப்பில் பதுங்கிக்கொண்டு நாள்கணக்கில் கசியும். ஒலிபெருக்கி சட்டென்று நிற்காமல் மெல்ல மெல்லத் தேய்கிறது. ஆகவே அறிகுறிகள் குடிகாரனின் கை நடுக்கம் போலக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதில்லை. வீட்டார் கண்ணுக்கு அது 'திமிர்' என்றே தெரிகிறது.

இதுவரை சொன்னதில் பஞ்சு அடைப்பது, எடுப்பது எல்லாம் உவமை. உயிரோடு இருக்கும் மனிதனின் மூளையில் ஏற்பிகளை எண்ண முடியுமா? முடியும். எனக்குப் பிடித்த இயற்பியல் இங்கேதான் வருகிறது.

சாதாரண கார்பன் அணுவின் நிறை எண் 12. சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியில் நிறை எண் 11 உள்ள கார்பனைச் செய்யலாம். அது நிலையற்றது. அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 20 நிமிடங்கள். ஒரு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். இரண்டு மணி நேரத்தில் 64இல் ஒரு பங்கு. ஆகவே முடுக்கியின் பக்கத்திலேயே ஆய்வு நடக்க வேண்டும். ஓட்டமும் நடையுமாக வேலை செய்ய வேண்டும். இந்தக் கார்பனை, சி.பி.1 ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மூலக்கூறில் பொருத்தி, மிகச் சிறிதளவு இரத்தத்தில் செலுத்துவார்கள். அது மூளைக்குப் போய் ஏற்பிகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே ஒட்டும். கார்பன் சிதையும்போது ஒரு பாசிட்ரான் வெளிவரும். எலெக்ட்ரானின் நிறையும் எதிர் மின்னூட்டமும் கொண்ட துகள் அது. மிகச் சிறிது தூரம் போவதற்குள் ஓர் எலெக்ட்ரானைச் சந்திக்கும், இரண்டும் அழிந்துபோகும். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி அவற்றின் நிறை முழுவதும் ஆற்றலாகி, ஒவ்வொன்றும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் உள்ள இரண்டு காமாக் கதிர்த் துணுக்குகளாக நேரெதிர்த் திசைகளில் பாயும். தலையைச் சுற்றி வளையமாக நிற்கும் உணர்கருவிகளில் எந்த இரண்டு ஒரே கணத்தில் மினுக்குகின்றனவோ, அவற்றை இணைக்கும் கோட்டில்தான் அந்த அணு இருந்தது. இப்படி இலட்சக்கணக்கான கோடுகளைப் போட்டால் ஏற்பிகளின் வரைபடமே கிடைத்துவிடும்! மேல்நிலை வகுப்பில் 'இணை அழிவு' என்று ஒரு வரி படிக்கும்போது, இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொள்கிறீர்களே, இதற்குத்தான்.

2012இல் ஜூசி ஹிர்வோனென் என்ற பின்லாந்துக்காரரும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் நாள்தோறும் கஞ்சா புகைத்த 30 பேரை இவ்வகைக் கருவியில் ஆராய்ந்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது ஃப்ளூரின்-18, முறை ஒன்றுதான். பெருமூளைப் புறணியில் ஏற்பிகளின் அளவு மற்றவர்களைவிடச் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களில் சிலரைக் கண்காணிப்பில் வைத்து, ஏறத்தாழ நான்கு வாரம் கஞ்சாவே இல்லாமல் இருந்தபின் மறுபடி பார்த்தபோது, குறைந்திருந்த பெரும்பாலான பகுதிகளில் ஏற்பிகள் பழைய அளவுக்கு வந்திருந்தன.

அந்த நான்கு வாரத்தின் உள்ளே என்ன நடக்கிறது? யேல் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவரும் மூளை ஆராய்ச்சியாளருமான தீபக் சிரில் டிசூசா அதைப் பார்த்தார். கஞ்சாவுக்கு அடிமைப்பட்ட 11 ஆண்களை, புகைக்கும் நிலையிலும், விட்ட இரண்டாம் நாளிலும், 28ஆம் நாளிலும் கார்பன்-11 கொண்டு ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார். தொடக்கத்தில் ஏற்பிகள் குறைவு. இரண்டே நாளில் மீட்சி தொடங்கிவிட்டது! இரண்டாம் நாளில் ஏற்பிகள் எவருக்குக் குறைவாக இருந்தனவோ அவருக்கு விலகல் தொல்லையும் அதிகமாக இருந்தது. அவன் எரிந்து விழுவது திமிரினால் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அவசரப்பட்டுக் கொண்டாடவும் கூடாது. 11 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அனைவரும் வயது வந்த ஆண்கள். உங்களைப் போன்ற மாணவர்கள் அல்லர். வளரும் மூளையில் சி.பி.1 ஏற்பிகளுக்கு நரம்பிணைப்புகளைச் செப்பனிடும் வேலையும் உண்டு. அந்த வயதில் குறுக்கிடுவது கூடுதல் ஆபத்து. கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறத்தாழ 9 சதவீதத்தினர் அடிமையாகிறார்கள் என்றால், பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர் அடிமையாகிறார். ஸ்வீடன் நாட்டில் படைக்குச் சேர்க்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1987இல் வெளியான ஆய்வில், 18 வயதுக்குள் 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் 6 மடங்கு இருந்தது. இதில் எவ்வளவு பங்கு கஞ்சாவினுடையது, எவ்வளவு ஏற்கெனவே இருந்த மனநிலையினுடையது என்ற விவாதம் நடந்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு பந்தயம் கட்டுகிறவன் புத்திசாலி அல்லன். இன்னொன்று. ஏற்பிகள் திரும்பினாலும் பழக்கம் தானே போய்விடாது. அந்த நண்பர்கள், அந்தக் குட்டிச்சுவர், அந்த மாலைநேரம் எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

இனி என் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் முதலாண்டு மாணவன் ஒருவன் இருந்தான். மலையடிவாரத்துச் சிற்றூர். வெர்னியர் அளவியில் அவன் எடுக்கும் அளவை நான் சரிபார்த்ததே இல்லை, அவ்வளவு துல்லியம். ஒருநாள் கல்லூரிக்குப் பின்புறம் கஞ்சாவுடன் பிடிபட்டான். "இனித் தொட மாட்டேன் சார்" என்று எழுதிக் கொடுத்தான். நான்காம் நாள் ஆய்வகத்தில் உதவியாளரிடம் கத்திச் சண்டையிட்டான். விடுதியில் சாப்பிடுவதில்லை. வகுப்பில் கண் செருகுகிறது. இரவெல்லாம் விழித்திருக்கிறான் என்றார்கள் அறை நண்பர்கள். "இன்னும் விடவில்லை, பாருங்கள்" என்று நாங்கள் முடிவு செய்தோம். ஒன்பதாம் நாள் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினோம். விசாரணைக் குழுவில் என் கையெழுத்தும் இருந்தது. அவனுடைய தாயார் துறை வாசலில் நின்று, "நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பாங்க சார்" என்றார். நான் சொல்லவில்லை.

பல நாள் கழித்து விலகல் அறிகுறிகளின் பட்டியலை ஒரு கட்டுரையில் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை. முதல் வாரத்தில் உச்சம். அவன் புகைத்துக்கொண்டிருந்ததற்கு அடையாளம் என்று நாங்கள் எழுதியவை அனைத்தும், அவன் விட்டுவிட்டதற்கான அடையாளங்கள்! உறுதியாகச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் காரணம் என்ற கட்டத்தில் 1892இல் போலீஸ்காரர் எழுதியதற்கும் நாங்கள் எழுதியதற்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை.

'சிறுநீரைச் சோதித்திருக்கலாமே' என்பீர்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கொழுப்பில் பதுங்கிய பொருள் கசிந்துகொண்டே இருப்பதால், நாள்தோறும் புகைத்தவனுக்கு விட்ட பிறகும் சில வாரங்கள் வரை சோதனை 'உண்டு' என்றே காட்டக்கூடும். சோதனைத் தாளில் கோடு விழுந்தால் நேற்றுப் புகைத்தான் என்று பொருள் அல்ல. இது தெரியாமல் சோதனைப் பெட்டிகளை வாங்கிக் குவிக்கும் நிர்வாகங்கள், அளவுகோலைப் படிக்கத் தெரியாமல் வெர்னியர் வாங்குகிறவர்களைப் போன்றவை.

ஆகவே நான் கேட்பது 28 நாட்கள். பிடிபட்ட மாணவனுக்கு முதல் நாளே மாற்றுச் சான்றிதழ் எழுதாமல், மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, வகுப்பிலேயே வைத்துக்கொண்டு, 28 நாள் பொறுத்துப் பார்க்கலாமே. திருவண்ணாமலையைச் சுற்றி இருக்கும் நமக்கு இந்தக் கணக்கு எளிது. ஒரு பௌர்ணமி கிரிவலத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இருப்பது 29½ நாட்கள். அந்த ஒரு சுற்று நிலவுக்குள் முதல் பத்து நாட்கள் அவன் நம்மிடம் மரியாதை இல்லாமல் பேசக்கூடும். தூங்காத பிள்ளை வேறெப்படிப் பேசும்? அந்த நாட்களில் தேர்வு வைப்பதும், பெற்றோரை வரவழைத்து எல்லார் முன்னும் திட்டுவதும், காய்ச்சலில் கிடப்பவனை ஓட்டப் பந்தயத்தில் நிறுத்துவது போன்றதே.

'ஒருவனைக் காப்பாற்றப் போய் வகுப்பே கெட்டுவிட்டால்?' என்று என் சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான். வெளியிலிருந்து கொண்டுவந்து விற்பவனுக்கு நான் வாதாடவில்லை. அது போலீசாரின் வேலை. புகைத்தவனை வெளியேற்றினால் வகுப்பு சுத்தமாகிவிடும் என்ற கணக்கைத்தான் ஏற்க மாட்டேன். அவன் மறைந்துபோவதில்லை, அதே ஊரில், வேலையில்லாமல், அதே குட்டிச்சுவரில் உட்கார்ந்திருப்பான். வகுப்பில் மீதமிருப்பவர்கள், மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பதைக் கற்றுக்கொள்வார்கள். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கடுமையானது. கஞ்சாவைச் சிறிதளவு வைத்திருப்பதும், புகைப்பதும் குற்றம். அப்படிப்பட்ட சட்டமே, அடிமைப்பட்டவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி வைத்திருக்கிறது. சட்டத்துக்கு இருக்கும் பொறுமை பள்ளிக்கூடத்துக்கு இல்லை என்றால் எப்படி?

பயமுறுத்தும் கூட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஒரு தடவை இழுத்தால் மூளை செத்துப்போகும்' என்று மேடையில் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு தடவை இழுத்துவிட்டு மறுநாள் கணக்குத் தேர்வு எழுதியவன் பக்கத்து பெஞ்சிலேயே இருக்கிறானே! மேடையில் சொன்ன ஒன்று பொய் என்று தெரிந்தால், அதே மேடையில் சொன்ன உண்மையையும் மாணவன் நம்ப மாட்டான். பேருந்தில் 'எப்ப வேணும்னாலும் விட்டுடலாம்' என்ற பையனும் அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவனாகவே இருக்கக்கூடும்.

அவனுக்கு நான் சொல்ல விரும்புவது: எப்போது வேண்டுமானாலும் விடலாம் என்றால், இன்றே விட்டு ஏழு நாள் இருந்து பார். தூக்கம் போனால், சோறு இறங்காவிட்டால், அம்மா கூப்பிட்டாலே கோபம் வந்தால், அது உன் ஏற்பிகள் குறைந்திருப்பதன் அளவீடு. ஏழாம் நாள் 'இது எனக்கு முடியாது' என்று தோன்றும். பெரும்பாலோர் மறுபடி புகைப்பது அப்போதுதான், தூக்கத்துக்காக. ஆனால் அதற்குள் மீட்சி தொடங்கி ஐந்து நாள் ஆகியிருக்கும். இரண்டாம் வாரம் முதல் வாரத்தைவிட எளிது.

தனியே இருந்து பார்க்க வேண்டியதும் இல்லை. தில்லி எய்ம்ஸ் நிறுவனம் 2018இல் நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஓராண்டில் கஞ்சா, பங்கு, சரஸ் இவற்றில் ஒன்றையேனும் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடிப் பேர். அவர்களில் உதவி தேவைப்படும் நிலையில் இருந்தவர்கள் சுமார் 72 லட்சம். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் போதையிலிருந்து மீட்பதையே தன் பணியாகக் கொண்டது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற மனநல உதவி எண்ணையோ கூப்பிடலாம், கட்டணம் இல்லை. கஞ்சா விலகலுக்கென்று தனி மாத்திரை எதுவும் இதுவரை நிலைநாட்டப்படவில்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மருத்துவர் பார்த்துத் தருவதும், உட்கார்ந்து பேசுவதும்தான் சிகிச்சை. மருந்துக்கடையில் தானாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது ஒரு பள்ளத்திலிருந்து ஏறி இன்னொன்றில் விழுவது.

எங்கள் கல்லூரியில் இந்த 28 நாள் யோசனையை இரண்டு பக்கமாக எழுதி ஆசிரியர் கூட்டத்தில் வைத்தேன். "இயற்பியல் துறைக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார் ஒருவர். வேறொருவர், "பாசிட்ரான் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுங்கள், படிக்கிறேன்" என்றார். எடுக்காமலேயே கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். அன்று என் மாணவர்கள் இரண்டு பேரையும் உடன் அழைத்துப் போகலாமா என்று முதல்வரைக் கேட்டிருக்கிறேன்.